நான்கு அலையாய் வந்த சிரிப்பு

1986 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கு எங்கள் சூரியகாந்தி விதை ஆராய்ச்சி நிலையத்தின் கூட்ட அறையில் இருந்தவர்கள் இவர்கள்: தலைமை இடத்தில் இயக்குநர் ராதிவோய் ஸ்தனாச்செவ். மொழிபெயர்ப்பாளர்களின் கண்ணாடிக் கூண்டுகளில் ஹங்கேரியனுக்கு எடெல்கா, ஸ்லோவாக்குக்கு ஸுஸானா, ருமேனியனுக்கு வியோரிகா, ருசின் மொழிக்கு மெலானா கோலெசார், அதாவது நான். ஸ்லோவாக் வரிசையின் முதல் நாற்காலியில் மண் பரிசோதனைக்காரர் ஒந்த்ரெய் சிப்கார். ஜன்னலோரம் என் தம்பி ட்யூரா. அவனோடும் ஒந்த்ரெயோடும் சேர்த்து உறுப்பினர்கள் முப்பத்தொரு பேர். மற்றவர்களின் பெயர்களையும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். இங்கே அவை தேவையில்லை. அந்த அறையில் இல்லாத பலர் இன்று அன்றைக்கு நடந்ததைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதற்காகத்தான் இந்தப் பட்டியல்.

அன்றைய நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவது அம்சம் என் கூண்டு. ருசின் மொழிக் கூண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மேல்கோட்டு மாட்டும் கொக்கி வரிசை வைக்கலாமா என்பது கேள்வி.

அப்போதெல்லாம் எங்கள் வோய்வொதினா மாகாணத்தில் ஒரு கூட்டம் என்றால் ஐந்து மொழி. ஒவ்வொரு நாற்காலியின் கைப்பிடியிலும் ஒரு ஹெட்ஃபோன் தொங்கும், பக்கத்தில் மொழியை மாற்ற ஒரு திருகு. ஒன்றில் செர்பியன், இரண்டில் ஹங்கேரியன், மூன்றில் ஸ்லோவாக், நான்கில் ருமேனியன். ஐந்தாம் எண் எங்களுடையது, ருசின். கிழவர் மிகோலா ஓய்வு பெறும்வரை ஐந்தாம் எண்ணில் ஒரு ஜோடிக் காது இருந்தது. அவர் போனபிறகு நிலையத்தின் உறுப்பினர்களில் ருசின் ஆள் என் தம்பி ஒருவன்தான். அவன் ஸாக்ரெப் நகரில் படித்தவன். செர்பியனில் கேட்பான், செர்பியனில் பேசுவான், ஹெட்ஃபோனைத் தொடவே மாட்டான்.

மூன்று வருடம் நான் யாருக்கும் பேசவில்லை. ஆனால் பேசினேன். ஒரு வாக்கியம் விடாமல், உரப் பங்கீட்டிலிருந்து கேன்டீன் புகார் வரை, எல்லாவற்றையும் ருசின் மொழியில் மைக்குக்குள் சொன்னேன். எடெல்கா கேட்பாள், "ஏண்டி, யாருக்குப் பேசற நீ? அந்தப் பக்கம் ஈ கூட இல்லையே."

"ஐந்தாம் எண்ணுக்குப் பேசறேன்."

"அது சம்பளம் குடுக்குதா, கட்டிக்கப் போகுதா?"

"யாராவது திருகினா நான் அங்க இருக்கணும் இல்லையா. உன் வேலையப் பாரு."

கூட்ட அறிவிப்பு வந்தபின் வந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனேன். நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகியவள் இல்லை, அதிலும் என்னைவிட ஒன்பது வயது சின்னவனிடம். கோழி சூப்பு முடிந்து நூடுல்ஸுக்கு மேல் கசகசாவும் சர்க்கரையும் தூவிக்கொண்டிருந்தாள் அவன் மனைவி லியோனா. கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்:

"செவ்வாய்க்கிழமை நீ ஒரு அறிக்கை வாசிக்கணும் இல்ல. அத நம்ம மொழியில வாசி. ஒரு தடவ போதும்."

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "அக்கா, முடியாது."

"ஏன்?"

"முப்பது பேரு எனக்காக காதுல மாட்டணுமா? எனக்கு செர்பியன் தெரியும்னு எல்லாருக்கும் தெரியும். வேஷம் போடறான்னு சிரிப்பாங்க."

"ஹங்கேரியர்கள் பேசும்போது யாராவது சிரிக்கறாங்களா?"

"அவங்க வேற. அவங்க பூ, புழு, பூஞ்சை எல்லாத்தையும் அவங்க மொழியில படிச்சவங்க. நம்ம மொழியில எனக்குத் தெரிஞ்சது சமையலும் திட்டும்தான். சூப்புல உப்பு பத்தலைன்னு சொல்லத் தெரியும். கலப்பின ரகத்தோட கள ஆய்வ எந்த வார்த்தையில சொல்ல?"

"வார்த்தை எல்லாம் என்கிட்ட அட்டையில இருக்கு. நானூத்திப் பதினாறு. ஒரு நாளாவது வந்து பாத்தியா?"

"நீயே செஞ்சுக்கிட்ட வார்த்தையெல்லாம் வார்த்தையா அக்கா?"

லியோனா சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டை நீட்டினாள். "அண்ணி, உக்காந்து சாப்பிடுங்க முதல்ல. ரெண்டு பேரும் ஒரே முகத்த வெச்சிருக்கீங்க, பாக்கறவங்களுக்கு யாரு யார திட்டறாங்கன்னே புரியாது."

நான் உட்காரவில்லை. எங்கள் அப்பா கெரெஸ்தூர் ஊர்ப் பள்ளியில் முப்பத்தைந்து வருடம் ருசின் மொழி வாத்தியாராக இருந்தவர். அந்தக் கூண்டு போனால் அவர் பிள்ளைகள் இருவர் இருந்த இடத்திலிருந்து அவர் மொழி போயிற்று என்று ஆகும். அதைத் தம்பியிடம் நான் சொல்லவில்லை. அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் முறை கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. வெளியே வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது மணம்தான். ஈரக் கம்பளிக் கோட்டுகள், வறுத்த சூரியகாந்தி விதை, வியோரிகா ரகசியமாகக் கூண்டுக்குள் கொண்டுவரும் காபி. காலையில் நாங்கள் நான்கு பெண்களும் ஆளுக்கொரு மொழியில் காலை வணக்கம் சொல்வோம், ஆளுக்கொரு மொழியில் பதில் வரும், யாரும் அதைக் கவனிக்கக்கூட மாட்டோம். ஒருத்திக்கு ஒரு சொல் கிடைக்காவிட்டால் கண்ணாடியைத் தட்டுவாள். அடுத்தவள் ஒரு காகிதத்தில் எழுதித் தூக்கிக் காட்டுவாள். ஒருமுறை 'களைக்கொல்லி' என்ற சொல்லுக்காக எடெல்கா தட்ட, நான் ஸுஸானாவைத் தட்ட, அவள் வியோரிகாவைத் தட்ட, கடைசியில் பேச்சாளரே பேச்சை நிறுத்தி, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அப்படி ஒரு வேலையிடம் இனி எனக்கு இல்லை. வேறு யாருக்கும் இருப்பதாகவும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

கூட்டம் தொடங்குமுன்பே ஒந்த்ரெய் ஆரம்பித்துவிட்டார். அவர் நல்ல மனிதர், வாய் மட்டும் சும்மா இருக்காது. "என்ன ட்யூரா, உங்க அக்கா கண்ணாடித் தொட்டிக்குள்ள மீன் மாதிரி வாயசைச்சிட்டே இருக்காங்க. ஒரு நாளாவது ரொட்டித் துண்டு போடக்கூடாதா?"

தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்தது. மைக்குகள் திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது. அதையும் ஐந்தாம் எண்ணில் மொழிபெயர்த்தேன், மீன் உட்பட.

மூன்றாவது அம்சம் தம்பியின் அறிக்கை. எழுந்தான். தொண்டையைச் செருமினான். "தோழர்களே" என்றான், ருசின் மொழியில்.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு அறை முழுவதும் ஒரு சலசலப்பு, ஹெட்ஃபோன்கள் ஒரே நேரத்தில் கொக்கியிலிருந்து கழன்றன. இயக்குநர் தன்னுடையதைத் தலைகீழாக மாட்டிக்கொண்டார். மூன்று வருடமாக எதிர்த் திசையிலேயே போய்க்கொண்டிருந்த என் நாக்கு இப்போது ருசினிலிருந்து செர்பியனுக்குத் திரும்ப வேண்டும். மைக்கை அருகில் இழுத்துக்கொண்டு ஆரம்பித்தேன். ஸ்லோவாக்குகள் மட்டும் ஹெட்ஃபோன் போடவில்லை. அவர்கள் மொழிக்கு நெருங்கிய எங்கள் பேச்சு அவர்களுக்கு நேராகவே புரியும். எடெல்காவும் வியோரிகாவும் என் செர்பியனைக் கேட்டு அங்கிருந்து தங்கள் மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

நன்றாகத்தான் போனான். நிலத்தின் அளவைச் சொன்னான், மழையைச் சொன்னான், விதைத்த நாளைச் சொன்னான். பிறகு முக்கியமான இடத்துக்கு வந்தான். அந்த வருடம் அடிச்சாம்பல் என்ற பூஞ்சை நோய் மற்ற ரகங்களையெல்லாம் தின்றுவிட்டது, அவனுடைய புது ரகத்தை மட்டும் தொடவில்லை. அது நோயை எதிர்த்து நிற்கும் ரகம் என்று சொல்ல வேண்டும். வாய் திறந்தபடி நின்றான். சொல் வரவில்லை. என் அட்டைப் பெட்டியில் அந்தச் சொல் இருந்தது, இருநூற்று நாற்பதாம் அட்டை. அவன் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எழுதிக் காட்டியிருப்பேன்.

பார்க்காமல் சொன்னான்: "இந்த ரகம், தோழர்களே, பூஞ்சைக்கு ஒரு அடங்காப்பிடாரி."

எங்கள் வீட்டுச் சமையலறைச் சொல் அது. அம்மா சாப்பிட மறுக்கும் பிள்ளையைச் சொல்வது.

மொழிபெயர்ப்பவளுக்குக் கிடைப்பது அரை நொடி. செர்பியனில் 'நோய் எதிர்ப்புள்ள ரகம்' என்பதற்குப் பாடப்புத்தகச் சொல் ஒன்று உண்டு. அதைச் சொல்லியிருந்தால் என் தம்பி அந்த அறையில் பெரிய அறிவாளியாகவே நின்றிருப்பான். எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை சபையில் சிரிப்புக்கு ஆளானதில்லை.

நான் செர்பியனில் சொன்னேன்: "இந்த ரகம், தோழர்களே, பூஞ்சைக்கு ஒரு அடங்காப்பிடாரி."

சிரிப்பு முதலில் ஸ்லோவாக் வரிசையில் வெடித்தது. அந்தச் சொல்லுக்கு அவர்கள் மொழியில் ஒரு ஒன்றுவிட்ட அக்கா உண்டு. ஒந்த்ரெய் மேசையைத் தட்டினார். செர்பியர்கள் ஒரு நொடி அவர்களை முறைத்தார்கள், என் குரல் காதில் விழுந்தது, அவர்களும் சிரித்தார்கள். எடெல்கா சொல்லி முடித்ததும் ஹங்கேரியர்கள். அதற்குள் ஸ்லோவாக்குகள் கண்ணைத் துடைத்து ஓய்ந்திருந்தார்கள். அறை அமைதியான பிறகு கடைசியாக ருமேனியர்கள் இரண்டே பேர் தனியாக, மிகச் சத்தமாகச் சிரித்தார்கள். அதைப் பார்த்து எல்லோரும் மறுபடி சிரித்தார்கள்.

தம்பி மிளகாய்ப்பழம்போல் சிவந்து நின்றான். காகிதத்தை மடிப்பான், செர்பியனுக்குத் தாவுவான், அல்லது உட்கார்ந்துவிடுவான் என்று நினைத்தேன். அத்தோடு ஐந்தாவது அம்சம் தானாகவே முடிந்துவிடும்.

"சிரிச்சாச்சா?" என்றான், ருசின் மொழியிலேயே. "எங்கம்மா என்னைய அப்படித்தான் கூப்பிடுவாங்க. கரண்டிய நீட்டினா பல்லக் கடிச்சுக்குவேன். இந்தச் செடியும் அதேதான். பூஞ்சை வந்து கதவத் தட்டுது, இது தொறக்க மாட்டேங்குது. ஏன் தொறக்கலைன்னு இப்ப சொல்றேன். எழுதிக்கங்க."

பதினோரு நிமிடம் பேசினான். மூன்று இடத்தில் செர்பியன் சொல் கலந்தான், ஒரு இடத்தில் வேற்றுமை உருபு தவறு. ஆனால் எழுதிக்கொண்டார்கள்.

ஐந்தாவது அம்சம் வந்தபோது இயக்குநர் தன் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். தீர்மானத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான்.

"யாரும் பயன்படுத்தறதில்லன்னு எழுதியிருக்கேன்," என்றார். "ஆனா இன்னைக்கு நான் சிரிச்சேன். எத வெச்சுக் கேட்டுச் சிரிச்சேன்? இத வெச்சுத்தான். ருமேனியன் தோழர்கள் எல்லாருக்கும் கடைசியா சிரிச்சாங்க, ஆனா சிரிச்சாங்க. ஓட்டெடுப்பு நடத்தலாம்."

கூண்டு இருக்கட்டும் என்று இருபத்திரண்டு பேர். வேண்டாம் என்று எட்டு. ஒருவர் நடுநிலை. அந்த ஒருவர் என் தம்பி. அக்காவின் வேலைக்குத் தம்பி கை தூக்குவது முறையில்லை என்று குறிப்பில் எழுதச் சொன்னான். அன்றைக்கு அவன் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அவனிடம் சொன்னதில்லை.

அவன் ஈஸ்டர் வரை என்னிடம் பேசவில்லை. ஈஸ்டர் அன்று கூடையோடு வந்து நின்றான்.

"அக்கா, நீ மாத்திச் சொல்லியிருக்கலாமே."

"நீ மாத்திச் சொல்லியிருக்கலாமே."

கூடையை மேசையில் வைத்தான். பிறகு கோட்டைக் கழற்றினான். பன்றித் தொடைக் கறியும் முள்ளங்கித் துருவலும் சாப்பிட்டுவிட்டு, அட்டைப் பெட்டி எங்கே என்று கேட்டான்.

அதற்குப்பின் ஐந்து வருடம் அந்தக் கூண்டில் உட்கார்ந்தேன். பிறகு நாடு உடைந்தது, காலம் வேறாயிற்று. எல்லாக் கூண்டுகளையும் ஒரே வாரத்தில் கழற்றினார்கள். எங்களுடையதை மட்டும் தனியாகக் கழற்றவில்லை. தம்பி மகள் தத்தியானா இப்போது ஹாலந்தில் ஒரு விதைக் கம்பெனியில் இருக்கிறாள். அவள் குழுவில் ஒன்பது நாட்டு ஆட்கள், பேச்சு முழுக்க ஆங்கிலம். கூட்டத்தில் யாராவது சிரிப்பார்களா என்று போன கோடையில் கேட்டேன்.

"சிரிப்பாங்க அத்தை. எல்லாரும் ஒரே நேரத்துல சிரிப்பாங்க," என்றாள். "எனக்கும் புரிஞ்சுதுன்னு காட்டிக்க நானும் சேந்துக்குவேன்."

தம்பி இறந்து இது நான்காவது வருடம். அந்த ரகத்துக்கு ஒரு எண்தான் பெயர். வயலில் வேலை செய்தவர்கள் கடைசிவரை அதை அடங்காப்பிடாரி என்றுதான் கூப்பிட்டார்கள், ஐந்து மொழியிலும்.

ஊரில் ஒரு கதை ஓடுகிறது. கூண்டைக் காப்பாற்ற அக்காவும் தம்பியும் பேசிவைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒத்திகை பார்த்து, வேண்டுமென்றே அந்தச் சொல்லை வைத்துச் சபையைச் சிரிக்கவைத்தார்களாம். அவன் இறுதிச் சடங்கில்கூட ஒருவர் என்னிடம் வந்து, நல்ல புத்திசாலித்தனம் என்று பாராட்டினார்.

ஒத்திகை எதுவும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் முடியாது என்றான், நான் கிளம்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை வரை நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. என் தம்பிக்கு இருநூற்று நாற்பதாம் அட்டையின் சொல் தெரியாது.