ஒன்பதாவது பெயருக்குக் கீழே

“ஏனுங்கப்பா, அரபி எழுதறவங்கெல்லாம் எடக்கைக்காரங்களா?”

எழுபத்து நாலாம் வருஷம், சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து வள்ளியாத்தாள் கேட்டாள். நான்காம் வகுப்பு. அவள் அப்பா ஈஸ்வரமூர்த்தி மலையாள நாட்டுச் சித்தூருக்குக் கிழக்கே நெல்லும் தென்னையும் வைத்திருந்தார். அவருக்கு அதுவரை அந்தச் சந்தேகம் வந்ததில்லை.

வள்ளியாத்தாள் இடக்கைக்காரி. தமிழ் எழுதும்போது மை காயுமுன் அவள் கை அதன்மேல் ஏறிப் போகும். ஏழு வரி எழுதினால் ஏழும் தீற்றல். வகுப்பு வாத்தியார் அவளைத் திருத்த எண்ணி, இடக்கையைச் சணல் கயிற்றால் முதுகோடு கட்டி வராந்தாவில் நிறுத்தினார். வராந்தாவின் கோடியில் அரபி வகுப்பு. அதை நடத்துகிறவர் உதுமான் முன்ஷி.

முன்ஷி வந்து கயிற்றை அவிழ்த்தார். ஒரு சொல்லை எழுதிக்காட்டி, அதைப் பார்த்து எழுதச் சொன்னார். அரபி வலமிருந்து இடம் போகிற எழுத்து. கை முன்னே போயிற்று. மை பின்னால் நிம்மதியாகக் காய்ந்தது. மணி அடிக்குமுன் கயிற்றைத் திரும்பக் கட்டினார், தளர்வாக. யாரிடமும் சொல்லவில்லை.

மகள் கையிலிருந்து தீற்றலில்லாமல் வந்த முதல் தாள் அது. ஈஸ்வரமூர்த்தி அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார்.

“என்ன எழுதியிருக்குதுன்னு தெரியுமுங்களா?” என்றாள் மனைவி மருதாத்தாள்.

“தெரியாது. சுத்தமா இருக்குது.”

பத்து நாள் கழித்து டீக்கடையில் சேதி வந்தது. அரபி படிக்க ஒன்பது பிள்ளைகள்தான். வெள்ளிக்கிழமைக்குள் பத்தாகாவிட்டால் முன்ஷிக்கு வேலை போய்விடும். முன்ஷி மூலையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

“போனாப் போகுதுங்க. நம்மூருக்கு அரபி எதுக்கு?” என்றார் பங்காளி சென்னிமலை. அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தார்.

“போன காரியம் என்னாச்சுங்கண்ணா?” என்றார் ஈஸ்வரமூர்த்தி.

“அதையேன் கேக்கற! வக்கீலு நகல் வேணும்ங்கறாரு. ஆபீசுல அசலைக் கொண்டாங்கறாங்க. ஜில்லா ஆபீசுல நானே ஆஜராகோணுமாமா.”

முன்ஷி டம்ளரை வைத்தார். “தப்பா எடுத்துக்காதீங்க. வக்கீல், நகல், அசல், ஜில்லா, ஆஜர். அஞ்சும் அரபியிலிருந்து வந்ததுங்க.”



“அப்ப என்னையே பத்தாவதாச் சேத்துக்குங்க,” என்றார் சென்னிமலை.

எல்லோரும் சிரித்தார்கள். முன்ஷியும் சிரித்தார். சிரித்து முடிந்தபோது பிள்ளைகள் ஒன்பதாகவே இருந்தார்கள்.

சைக்கிளை எடுக்கப் போன முன்ஷியிடம் ஈஸ்வரமூர்த்தி தனியாக மகளின் கேள்வியைச் சொன்னார்.

“எல்லாரும் இல்லீங்க. நான் இருந்தேன். சின்னப்பவே அடிச்சுத் திருத்திட்டாங்க.”

“எம்புள்ளை எழுதுன சொல்லு எதுங்க?”

“ஹாஜர். பேர் கூப்பிட்டாப் பிள்ளைங்க தினமும் சொல்றதுதான். வந்திருக்கேன்னு அர்த்தம். எல்லாரும் உள்ள இருக்க, அது மட்டும் வெளிய நின்னுச்சுங்களா, அதான்.”

மகளை வகுப்புக்கு அனுப்பும்படி முன்ஷி கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

மகளை அரபிக்கு அனுப்பினால் பங்காளிகளுக்கு ஒரு வருஷத்துக்குப் பேச விஷயம் கிடைக்கும். ஈஸ்வரமூர்த்தி அதை இரண்டு நாள் யோசித்தார். அப்புறம் மகள் சொன்ன அந்தத் தளர்ந்த முடிச்சை யோசித்தார். அப்படிப்பட்ட முடிச்சுகளைச் சாமி பார்க்காமல் விடுவதில்லை என்பது அவர் நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை மதியம் முன்ஷி ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். பிள்ளைகள் மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஈஸ்வரமூர்த்தி செருப்பைக் கழற்றிவிட்டு அரபி வகுப்புக்குள் போனார். எந்த மொழி படிக்கச் சம்மதம் என்று கேட்டு, பள்ளி திறந்தபோது எல்லா வீட்டுக்கும் வந்த தாள் அவர் சட்டைப் பையில் இருந்தது. மகள் பெயருக்கு எதிரே ‘அரபி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை ஊதினார்.

அடியில் ‘சாட்சி’ என்று ஓர் இடம் இருந்தது. சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, மேஜைமேல் இருந்த ஹாஜர் புத்தகத்தில், ஒன்பதாவது பெயருக்குக் கீழே தாளை வைத்து மூடினார். செருப்பை மாட்டிக்கொண்டு வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போனார்.