முதல் தண்ணீர்

மருமகள் மூன்றாவது தடவையாகக் கையைக் கழுவினாள். சோப்பு போன பாடில்லை. அவள் பிறந்த ஊரில் தண்ணீர் முரடு. சோப்பு நுரைப்பதற்குள் கை வலித்துவிடும், கெட்டிலுக்குள் வெள்ளைப் பொருக்குத் தட்டிவிடும். இந்த ஊர்த் தண்ணீர் மென்மை; கெட்டில் வாங்கிய அன்று இருந்தபடியே பளபளக்கிறது. மாமனாருக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. ஏதோ அவரே மலைமேல் உட்கார்ந்து வடிகட்டி அனுப்புகிற மாதிரி பேசுவார்.

அவர் குடிநீர் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறார். வீடு வீடாகப் போய் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து சோதித்து, 'குடிக்க உகந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். பிடிப்பதற்கு முன் குழாயை இரண்டு நிமிடம் திறந்துவிடுவார். அது கிருமிச் சோதனைக்கான விதி. அவர் எல்லாச் சோதனைக்கும் அதையே வைத்துக்கொண்டார். கேட்பாரில்லை, அவரும் யாரையும் கேட்கவில்லை. ஊர்க் குழாய்களை இப்படி ஓடவிடுகிறவருக்கு, தன் வீட்டில் மட்டும் ஒரு சொட்டு சும்மா ஓடினாலும் முகம் சுண்டிவிடும்.

பத்து மாதப் பேத்திக்கு எடை ஏறவில்லை. முன்பு கையில் கிடைத்ததையெல்லாம் தட்டி விளையாடியவள் இப்போது வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மருத்துவர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, ஈயம் கலந்திருக்கிறது, இருக்கக் கூடாத அளவில் இருக்கிறது என்றார். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், எவ்வளவு என்று இப்போதே சொல்ல முடியாது, முதலில் எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடியுங்கள் என்றார். ஜன்னல் பெயிண்ட், பொம்மை, பழைய பாத்திரம், தண்ணீர் என்று அடுக்கினார். தண்ணீர் என்றதும் மாமனார் சிரித்தே விட்டார்.

பொம்மைகளை வெளியே எறிந்தார்கள். ஜன்னலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஈயம் கூடியிருந்தது. மருமகள் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைச் சமாதானப்படுத்துவதற்காகத்தான் அவர் சமையலறைக் குழாயில் ஒரு பாட்டில் பிடித்துப்போனார். மருந்துக்குக்கூட ஈயம் இல்லை. முடிவுத் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"ரெண்டு நிமிஷம் திறந்து விட்டுட்டுத்தான் பிடிச்சீங்களா, மாமா?"

"அதுதானேம்மா முறை."

"நான் திறந்து விடறதில்லையே. காலையில முதல்ல வர்ற தண்ணிய அப்படியே கெட்டில்ல பிடிச்சுத்தான் பாப்பாவுக்குப் பால் பவுடர் கலக்கறேன். வீணாக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவர் முடிவுத் தாளைத் திரும்பக் கையில் எடுத்தார். வேலைக்குச் சேரும்போது படித்ததுதான்: தன்னிடம் ஒன்றுமில்லாத மென்மையான தண்ணீர், நிற்கிற இடத்திலிருந்து எதையாவது கரைத்து எடுத்துக்கொள்ளும். அந்தத் தெரு முழுக்கப் பழைய ஈயக் குழாய். இரவெல்லாம் அதில் நின்ற தண்ணீர், அவர் திறந்துவிடும் இரண்டு நிமிடத்தில் ஓடிப்போய்விடும்.

மறுநாள் விடிந்ததும் யாரையும் குழாயைத் தொடவிடாமல் முதல் தண்ணீரைப் பிடித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எப்போதும் போலத் தெளிவாக இருந்தது. மதியம் முடிவு வந்தது: அனுமதித்த அளவைப் போலப் பன்னிரண்டு மடங்கு. வீட்டுக்கு வந்து மருமகளிடம் எண்ணைச் சொன்னார். அவள் திட்டியிருந்தால் தேவலை. கெட்டிலில் இருந்ததைக் கவிழ்த்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் காலையில் பாட்டில் பெட்டியுடன் பக்கத்து வீட்டுக்குப் போனார். போன வருடம் அந்த வீட்டுக்கும் 'உகந்தது' என்று எழுதியவர் அவர்தான். உள்ளே நாற்காலியில் ஒரு குழந்தை இரண்டு கையாலும் பால் புட்டியைப் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. புட்டி முக்கால்வாசி காலி. அவர் வாயைத் திறப்பதற்குள் அந்த வீட்டுக்காரி சமையலறையைக் காட்டினாள்.

"பெட்டியோட கேட் பக்கம் வந்தப்பவே பாத்துட்டேன் சார். உங்க முறை தெரியாதா? இப்பவே ரெண்டு நிமிஷம் ஆயிருக்கும்."

தொட்டியில் குழாய் சீராக ஓடிக்கொண்டிருந்தது. மூடி திறந்த பாட்டில் அவர் கையில் அப்படியே இருந்தது.