குழாயில் வராத தண்ணீர்

கப்பலில் எனக்கு வைத்திருந்த பெயர் பிளீச்சிங். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒருவனுக்கும் நாக்கு வளையவில்லை. என் தங்கை வீட்டுக்காரனும் அதே கப்பலில்தான் இன்ஜின் ரூமில் மெக்கானிக்காக இருந்தான். அவன் மட்டும் மச்சான் என்பான், அதுவும் பக்கத்தில் ஆள் இல்லாதபோது. நாலு பேர் முன்னால் அவனுக்கும் நான் பிளீச்சிங்தான்.

போர்க்கப்பல் என்றதும் எல்லோருக்கும் பீரங்கிதான் நினைவுக்கு வரும். என்னைக் கேட்டால், அது தண்ணீர்த் தொட்டியைச் சுமந்துகொண்டு போகும் இரும்புப் பெட்டி. சுற்றிலும் தண்ணீர், அதில் ஒரு வாய் குடிக்க முடியாது. கடல் தண்ணீரை உறிஞ்சிக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து நல்ல தண்ணீராக்கும் இயந்திரம் இன்ஜின் ரூமில் இருந்தது. அங்கிருந்து தொட்டிக்கு வரும். தொட்டியில் குளோரின் கலப்பது என் பொறுப்பு. தினமும் குழாய் குழாயாகப் போய்க் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து, ஒரு மாத்திரையைப் போட்டுக் குலுக்குவேன். ரோஜா நிறம் வந்தால் குடிக்கலாம். வராவிட்டால் அந்தக் குழாயை மூடிவிடுவேன், கேப்டனே வந்து கேட்டாலும் திறக்க மாட்டேன். எங்களுடையது சின்னக் கப்பல், டாக்டர் கிடையாது. காயத்துக்குக் கட்டுப் போடுவதும் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பதும்கூட என் தலையில்தான்.

இதற்கெல்லாம் எனக்குக் கிடைத்தது ஏச்சும் பேச்சும். டீயில் நாற்றம், சூப்பில் நாற்றம், வாய் கொப்பளித்தால் நாற்றம் என்பார்கள். "கடல்ல விழுந்து செத்தாலும் பரவால்ல, உன் தண்ணியக் குடிச்சு சாக முடியாதுய்யா" என்று சமையல்காரர் சாப்பாட்டு அறையில் எல்லோரும் கேட்கச் சொல்வார். சிரித்துக்கொண்டே போய்விடுவேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

அந்த முறை துறைமுகத்தில் இடம் இல்லை என்று எங்களை வெளியிலேயே நங்கூரம் போட்டு நிற்கச் சொன்னார்கள். ஊர்ச் சாக்கடை மொத்தமும் அந்தக் கடலில்தான் வந்து விழுந்தது. தண்ணீரைப் பார்த்தாலே குமட்டும். கரைக்குப் பக்கத்தில் காய்ச்சும் இயந்திரத்தை ஓட்டக் கூடாது என்பது விதி. அதற்குக் காரணமும் உண்டு. எரிபொருள் மிச்சமாகும் என்று அந்த இயந்திரத்துக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சிவிடுவார்கள். காற்றில்லாத இடத்தில் தண்ணீர் நாம் குளிக்கிற சூட்டிலேயே கொதித்துவிடும். அந்தச் சூட்டில் கிருமி சாகாது, சொகுசாக இருக்கும். ஆவியோடு தெறிக்கும் துளிகளில் ஒட்டிக்கொண்டு நல்ல தண்ணீர்ப் பக்கம் வந்தும் விடும்.

கேப்டனிடம் போய் நின்றேன்.

"சார், இங்க அந்த மிஷினை ஓட்டக் கூடாது சார்."

"தொட்டி வத்திக்கிட்டு வருது. கரையில இருந்து தண்ணிப் படகு கேட்டேன், நாளைக்கு நாளைக்குன்னு இழுக்கறான். ஆளுங்கள எச்சில முழுங்கிட்டு இருக்கச் சொல்லவா? ஓட்டத்தான் வேணும். நீ மருந்தக் கூட்டிப் போடு."

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் வேறு வழி இல்லை. கூட்டிப் போட்டேன். தாராளமாகவே போட்டேன். ஒவ்வொரு குழாயிலும் குப்பி செக்கச்செவேல் என்று வந்தது. அந்தத் தொட்டிக்குள் போன எந்தக் கிருமியும் உயிரோடு வெளியே வரவில்லை, இன்றைக்கும் சத்தியம் செய்வேன். நாற்றம் மட்டும் உண்மையிலேயே தாங்க முடியவில்லை. எனக்கே டீ இறங்கவில்லை.

பிறகு இடமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், உடனே புறப்படு என்று உத்தரவு வந்தது. நடுக்கடலுக்குப் போன பிறகுதான் முதல் ஆள் விழுந்தான். இன்ஜின் ரூம் ஆள். வாந்தி, பேதி. சூட்டில் வேலை செய்பவன், வெப்பம் தாக்கியிருக்கும் என்று நினைத்தேன். அன்றே இன்னும் மூன்று பேர் விழுந்தார்கள். நாலாவதாக வந்தது என் மாப்பிள்ளை. கழிவறையிலிருந்து இரண்டு பேர் தோளில் போட்டுத் தூக்கி வந்தார்கள். கண் குழிந்து, குரல் கம்மி, கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு கிடந்தான். கையில் தோலைக் கிள்ளிப் பார்த்தேன், கிள்ளினது கிள்ளினபடியே நின்றது. உடம்பில் தண்ணீரே மிச்சமில்லை.

கரையிலிருந்த டாக்டர் ரேடியோவில் பேசினார். வெளியே போகிற தண்ணீரும் உப்பும் அதே அளவு உள்ளே போக வேண்டும், போனால் பிழைப்பார்கள் என்றார். கேப்டன் கப்பலைத் திருப்பினார். ஹெலிகாப்டர் வர முடியாத தூரத்தில் இருந்தோம். கைவசம் இருந்த சலைன் பாட்டில்கள் கொஞ்சம்தான். எல்லோருக்கும் பிரித்துப் போட்டேன். கடைசி பாட்டிலை மாப்பிள்ளைக்குப் போட்டேன். அவன்தான் மோசமாக இருந்தான் என்பது உண்மை. அவன் என் தங்கை புருஷன் என்பதும் உண்மை. எதற்காகப் போட்டாய் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தக் கடைசி பாட்டில் வேலை செய்தது. காலையில் கண்ணைத் திறந்து பார்த்தான். முகத்தில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது.

"மச்சான், உன் தண்ணியக் காட்டினா செத்த பொணம்கூட எந்திரிச்சு ஓடிடும்" என்றான்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. என் தொட்டித் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் போட்டு ஒரு ஜக் நிறைய உப்புக் கரைசல் கலந்து அவன் தலைமாட்டில் வைத்தேன்.

"மாப்ளே, சலைன் தீந்துபோச்சு. இனிமே இதுதான் உனக்கு சலைன். நான் திரும்பி வர்றப்ப ஜக்கு காலியா இருக்கணும்."

"ஐயோ, குமட்டுதுய்யா."

"மூக்கப் பிடிச்சுக்கிட்டுக் குடி. தங்கச்சிக்கு நான் பதில் சொல்லணும்."

அவன் பிழைத்துவிடுவான் என்று நம்பித்தான் அறையை விட்டு வெளியே போனேன்.

நேராகச் சமையலறைக்குப் போனேன். தண்ணீரில் தப்பில்லை என்றால் சாப்பாட்டில்தானே தப்பு இருக்க வேண்டும்? சமையல்காரரின் பாத்திரங்களைக் கவிழ்த்தேன், குளிர்பெட்டியைக் கலைத்தேன், அவர் நகத்தைக்கூடப் பார்த்தேன். அத்தனை நாள் வாங்கின பேச்சையெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுத்தேன். அவர் எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"என் சாப்பாட்டத்தான் கேப்டனும் சாப்பிடுறாரு, நீயும் சாப்பிடுற. இன்ஜின் ரூம்காரனுக்கு மட்டும் எப்பிடிய்யா வயித்தால போகுது?"

அவர் சொன்னது நியாயம். விழுந்தவர்கள் அத்தனை பேரும் கீழே வேலை செய்கிறவர்கள்.

அங்கிருந்து திரும்பி ஓடினேன். நோயாளி அறையில் மாப்பிள்ளை காலையில் விட்ட ஆளாக இல்லை. உதடு நீலம் பூத்திருந்தது. கூப்பிட்டதற்கு முனகல்கூட வரவில்லை. உப்புக் கரைசல் ஜக் தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது. பக்கத்தில் பாதி காலியான வேறொரு பாட்டில் நின்றது.

"இது யாரு வச்சது?"

அடுத்த படுக்கையில் கிடந்தவன் தலையைத் தூக்கினான். "சித்தப்பாதான். காலைலேருந்து பக்கத்துலயே உக்காந்து கொஞ்சம் கொஞ்சமா ஊட்டுனாரு. எனக்கும் குடுத்தாரு. தண்ணி நல்லா இருந்துச்சு."

சித்தப்பா என்பது இன்ஜின் ரூமின் தலைமை மெக்கானிக். கப்பலுக்கே சித்தப்பா. பாட்டிலிலிருந்து கொஞ்சம் குப்பியில் ஊற்றி மாத்திரையைப் போட்டுக் குலுக்கினேன். ரோஜா நிறம் வரவில்லை. இன்னொரு மாத்திரை போட்டேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

இன்ஜின் ரூமுக்கு ஏணியில் இறங்கினேனா விழுந்தேனா தெரியாது. காய்ச்சும் இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு சின்னக் குழாய் உண்டு. வருகிற தண்ணீர் உப்புக் கரிக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதற்காக வைத்தது. அதன் கீழே ஒரு பெரிய பிளாஸ்டிக் கேன் நின்றது, மேலே கம்பியில் ஒரு டம்ளர் தொங்கியது. சித்தப்பா கேனிலிருந்து இன்னொரு பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"என்ன தண்ணி இது?" என்று இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்தினேன்.

"ஆவித் தண்ணிப்பா. தொட்டிக்குப் போறதுக்கு முன்னாடி, உன் மருந்து படறதுக்கு முன்னாடி பிடிக்கிறது. கீழ வேலை பாக்குறவன் காலங்காலமா இதத்தான் குடிக்கிறான். உங்கிட்ட சொன்னா குதிப்பேன்னு சொல்லல."

"நங்கூரம் போட்டு நின்னப்பவும் பிடிச்சீங்களா?"

"அப்பதான் நிறையப் பிடிச்சோம். உன் தண்ணி அவ்ளோ நாத்தம். இந்தக் கேன் அப்ப ரொப்புனதுதான், குறையக் குறைய அது மேலயே ஊத்திக்கறோம்."

"அது சாக்கடை, சித்தப்பா!"

"கொதிச்சு ஆவியாகி வந்த தண்ணிடா!"

"எந்தச் சூட்டுல கொதிச்சுது? சொல்லுங்க, எந்தச் சூட்டுல?"

அந்த இயந்திரத்தை ஆணி ஆணியாகக் கழற்றி மாட்டியவர் அவர். எந்தச் சூட்டில் கொதிக்கும் என்று என்னைவிட நன்றாக அவருக்குத் தெரியும். கொதித்தது என்பதே போதும் என்று இருந்துவிட்டார்கள். அவரும் அதைத்தான் குடித்தார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த நோய் எல்லோரையும் பிடிக்காது. அதனாலேயே அந்தத் தண்ணீர்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பாட்டில் அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"உன் உப்புத் தண்ணிய வாயில வச்சாலே குமட்டுதுன்னான். தாகத்துல தவிச்சான். பாக்க முடியலப்பா. நல்ல தண்ணியாச்சும் போகட்டும்னு என் கையாலதான்..."

அவரை அடிக்கத்தான் கையை ஓங்கினேன். அடித்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் தடுக்காமல் நின்றதால் என்னால் முடியவில்லை. காலால் கேனை எட்டி உதைத்துவிட்டு மேலே ஓடினேன்.

கரண்டி கரண்டியாகக் கரைசலை ஊற்றினேன். உள்ளே போகவில்லை, கடைவாய் வழியே வழிந்தது. மற்றவர்கள் அன்றைக்கே அந்தத் தண்ணீரை நிறுத்திவிட்டு என் நாற்றத் தண்ணீரை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள், பிழைத்தார்கள். கரை கண்ணில் பட்ட நேரத்தில் மாப்பிள்ளை அடங்கிப்போனான். கிருமி மட்டும் இல்லை, உப்பில்லாத வெறும் தண்ணீர் போனதாலும்தான் உடம்பு தாங்கவில்லை என்று பிறகு டாக்டர் சொன்னார். சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்த நாற்றத்தைக் கூட்டியது நான். நான் செய்தது சரிதான், மறுபடியும் அதையேதான் செய்வேன்.

துறைமுக அலுவலகத்துத் தொலைபேசியிலிருந்து தங்கையிடம் நான்தான் பேசினேன். செய்தி அவளுக்கு முன்பே போயிருந்தது. பக்கத்தில் சித்தப்பா நின்றார். போகச் சொன்னேன், போகவில்லை. தங்கை கத்தி அழுது ஓய்ந்திருந்தாள் போல, குரல் கட்டியிருந்தது.

"அண்ணே, கடைசில தண்ணி கேட்டாரா?"

"கேட்டார்மா."

"குடுத்தீங்களா? தாகத்தோட போகலியே?"

"இல்லம்மா. கேக்கறப்பல்லாம் குடுத்தோம்."

"நீ குடுத்தியாண்ணே?"

"இல்லம்மா. கூட வேலை பாக்குற பெரியவர் ஒருத்தர். பக்கத்துலயே உக்காந்து ஊட்டுனாரு."

"அவரு யாரோ, அவரு கை நல்லா இருக்கணும்ணே" என்றாள்.

பழைய தொலைபேசி. அவள் பேசியது வெளியே தெளிவாகக் கேட்டது. சித்தப்பா தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார்.