இலை உதிர்ந்த பயறு

சுந்தரிக்கு மூன்று வயது. தலைமுடி செம்பட்டையாகிவிட்டது, பாதங்கள் வீங்கியிருந்தன, சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அரிசியும் உப்பும் மிளகாயும் தவிர வேறொன்றையும் காணாத வயிறு பின்னே என்ன செய்யும்? பன்வில காப்பித் தோட்டத்தில் பாதிப் பிள்ளைகள் இப்படித்தான் இருந்தார்கள். அவளுடைய தாய் வேலாயிக்கு மூத்தவை இரண்டும் இதே மாதிரி வீங்கித்தான் போய்ச் சேர்ந்தன. அதனால் தினமும் சுந்தரியின் பாதத்தை அழுத்திப் பார்ப்பாள்.

அக்குறணையிலிருந்து துணி மூட்டையோடு வரும் தாஸிம்தான் அந்தப் பயற்றைக் கொடுத்தார். பேராதனைப் பூந்தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரிடம் வாங்கியதாம். மஞ்சளாக, உருண்டையாக, இரண்டு கைப்பிடி இருந்தது.

“சீனத்து ஆக்கள் திங்கிற பயறு, தங்கச்சி. இறைச்சியில உள்ள சத்து இதுல இருக்காம். இப்பவே அவிச்சா ரெண்டு நாளையில முடிஞ்சிரும். நட்டு எடுங்க. பொறகு ராவெல்லாம் ஊறப் போட்டு, நல்லாக் குழைய அவிச்சிக் குடுங்க” என்றார்.

இன்றைக்கு சோயா என்று பொட்டலம் கட்டி விற்கிறோம். அன்றைக்குக் கூலிகள் வரிசையாகக் குடியிருந்த அந்த லயத்தில் அதற்குப் பெயர்கூடக் கிடையாது. வேலாயி லயத்துக்குப் பின்னால் நான்கு வரிசை போட்டாள். காப்பிக்காட்டில் பத்து மணி நேரம் மாரடித்துவிட்டு வந்து அதற்குத் தண்ணீர் ஊற்றினாள். காய்கள் மயிர் மூடிக் கொத்துக் கொத்தாய்ப் பிடித்தன.

அப்போது காப்பிக்கு இலை நோய். இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் படியும், இலை பழுத்துக் கொட்டும், செடி மொட்டையாகிவிடும். மஞ்சள் இலையைக் கண்டால் பிடுங்கிக் கொளுத்த வேண்டும் என்பது அந்தத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் உத்தரவு. கொளுத்தக் கொளுத்த நோய் பரவிக்கொண்டுதான் இருந்தது. உத்தரவு மட்டும் மாறவில்லை.

மூன்று மாதம் கழிந்தபோது வேலாயியின் செடிகளில் இலைகள் மஞ்சளாயின. ஒரே வாரத்தில் பாதி உதிர்ந்துவிட்டது. கங்காணி இராமையா வந்து நின்று பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர்.

“புடிச்சிருச்சு, வேலாயி. இதுல இருந்துதான் காப்பிக்கு வந்துச்சுன்னு தொரை சொன்னாருன்னா, ஒன்னையும் வெரட்டிருவாரு, என்னையும் வெரட்டிருவாரு.”

“புள்ளைக்காகப் போட்டதுங்க.”

“தெரியும். என்னா செய்யச் சொல்ற?”

தோட்டத்தை விட்டு விரட்டினால் இந்தக் கஞ்சியும் கிடையாது. அவளே குனிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் குவித்தாள். மூன்றாவது பிள்ளையும் கையை விட்டுப் போகிறது என்றே நினைத்தாள்.

கங்காணி ஓர் ஓரத்தில் தீ வைத்தார். முதலில் புகைந்தது. பிறகு காய்கள் பட்பட்டென்று வெடித்து, பயறு நாலாபக்கமும் தெறித்தது. கடலை வறுக்கும் வாசனை லயம் முழுக்கப் பரவியது. வாசல்படியில் கிடந்த சுந்தரி தவழ்ந்து வந்து, காலடியில் விழுந்த ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். துப்பவில்லை. மென்றாள்.

வேலாயி ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். உள்ளே நன்றாக முற்றியிருந்தது. ஈரச்சாக்கை இழுத்துவந்து தீயை அடித்து அணைத்தாள். குவியலில் பாதிக்கு மேல் தப்பியது. கங்காணி ஓர் இலையை எடுத்து, அதன் அடிப்பக்கத்தைத் தன் வேட்டியில் அழுத்தித் தேய்த்தார். தூள் ஒட்டவில்லை. முதலிலேயே செய்திருக்க வேண்டியது அது.

அவர் சாம்பல் பக்கத்தில் குந்திக்கொண்டு பயறு பொறுக்கத் தொடங்கினார்.

“கடல் தாண்டி வர்றதுக்கு முந்தி ஊர்ல உளுந்து போட்டவன் நானு. எல மஞ்சளாச்சுன்னா அறுப்புக்கு ஆள் தேடுவோம். அது எப்பிடி எனக்கு மறந்துபோச்சு?”

“எனக்கும் மறந்துதான போச்சு. இங்க வந்தப்பறம் மஞ்சளானது எதுவும் பொழச்சுப் பாத்ததில்லையே” என்றாள் வேலாயி.

அவர் ஊதி ஊதி ஒரு பிடி பயற்றைச் சுந்தரியின் கையில் வைத்தார். கரி படிந்த வாயோடு அவள் அதைத் தின்று முடித்துவிட்டு, கையை மறுபடி நீட்டினாள்.

“இன்னும்” என்றாள்.

சாப்பாட்டைப் பார்த்து அந்தப் பிள்ளை அப்படிச் சொல்லி மாதக்கணக்காகியிருந்தது. செடியைப் பிடுங்கும்போது அழாத வேலாயி அப்போது அழுதாள்.