பதினாலாம் நம்பர் வீட்டில் பதினோரு பேர்

சரஸ்வதிக்கு முதலில் தான்தான் தப்பாக எண்ணிவிட்டோம் என்று பட்டது. மறுபடி எண்ணினாள். பதினொன்று. பதினோரு வாய்ப் புற்றுநோய்க்காரர்கள், எல்லோருக்கும் ஒரே விலாசம். ஒசூர் சிப்காட் பக்கம் ஒரு லைன் வீடு, கதவு எண் பதினாலு.

ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் அவளுக்குப் பதினாறு வருஷ சர்வீஸ். 2006-ல் டாக்டர் ஸ்ரீராம் புதிதாக ஒரு வேலை கொடுத்திருந்தார். இரண்டு வருஷத்துப் புற்றுநோய் கேஸ் ஷீட்டுகளை ஊர்வாரியாகப் பிரிக்க வேண்டும். எந்த ஊரில் அதிகமோ அங்கே பரிசோதனை முகாம். அந்த வருஷத்துக்கு ஒரே ஒரு முகாம்தான்.

"அந்தத் தெருவுக்குப் பின்னாடி பெயிண்ட் கம்பெனி இருக்குதுக்கா. தண்ணிதான் கோளாறு," என்றான் பக்கத்து மேஜை அசோக்குமார்.

"ஒரே வூட்டுல பதினோரு பேருக்கா? பக்கத்து வூட்டுக்காரன் என்ன, பாட்டில் தண்ணியா குடிக்கிறான்?"

"உனக்கெதுக்கு அதெல்லாம்? லிஸ்ட்டக் குடுத்தமா, காபி குடிச்சமான்னு இரு அக்கா."

டாக்டரும் தண்ணீராகத்தான் இருக்கும் என்றார். வெள்ளிக்கிழமை அந்தத் தெருவிலேயே முகாம் என்று முடிவாகி, பந்தலுக்கும் சொல்லியாயிற்று. ஆனால் சரஸ்வதிக்கு மனசு அடங்கவில்லை. ஷீட்டுகளைத் திரும்பப் புரட்டினாள். பதினோரு பேரில் எட்டுப் பேர் பெண்கள். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒருவர் விடாமல் இடது கன்னம்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு பஸ் ஏறினாள்.

பதினாலாம் நம்பர் வீடு ஒரே ஒரு அறை. கம்பெனி வாட்ச்மேன் வெங்கடப்பன் டியூட்டிக்குப் போயிருந்தான். அவன் பெண்டாட்டி மாரம்மா கதவைத் திறந்தாள்.

"பதினோரு பேரா? இங்க நாங்க ரெண்டு பேரு காலு நீட்டுனாலே செவுத்துல இடிக்கும் மேடம்!" என்று சிரித்தாள். சரஸ்வதி பெயர்களைப் படித்துக் காட்டியதும் சிரிப்பு நின்றது. "அய்யோ, இவங்கெல்லாம் எங்க மலைக்காரங்க. அஞ்செட்டிக்கும் அந்தாண்ட."

"அப்ப ஏன் உங்க விலாசம் குடுத்தாங்க?"

"ஆஸ்பத்திரியில நீங்கதான கேக்கறீங்க, ரிசல்ட்டு வந்தா எந்த விலாசத்துக்குக் கார்டு போடறதுன்னு? எங்கூருக்குத் தபால்காரரு எப்ப வருவாருன்னு அவருக்கே தெரியாது. இங்க வந்தா நான் அஞ்செட்டி பஸ்ஸு கண்டக்டர் கையில குடுத்துடுவேன். சந்தைக்கு வர்றவங்க வாங்கிக்குவாங்க."

சரஸ்வதி தலையில் கைவைத்துக்கொண்டாள். பதினாறு வருஷமாகக் கார்டு போடும் விலாசத்தை மட்டும் ஓ.பி. சீட்டில் எழுத வைத்தது அவள் ரூம்தான். சொந்த ஊர் எது என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

மாரம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தபால்காரர் படித்துச் சொன்ன பெயர்களை நினைவில் வைத்து, யார் கார்டை எந்த ஊருக்கு அனுப்பினோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பதினோரு பெயரும் மூன்றே மூன்று ஊர்களில் அடங்கின.

"இன்னொண்ணு கேக்கணும். எல்லாருக்கும் ஏன் இடது கன்னம்?"

மாரம்மா அவளை விசித்திரமாகப் பார்த்தாள். "பொகையெலய அங்கதான அடக்குவோம்? சோத்த வலப்பக்கம் மெல்லணும்ல. மாடு மேய்க்கக் காட்டுக்குள்ள போனா பசிக்கும் அதுதான், குளுருக்கும் அதுதான். தூங்கறப்பகூடத் துப்ப மாட்டாங்க."

மறுநாள் காலையில் டாக்டர் முன்னால் போய் நின்றாள்.

"பந்தலுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சும்மா," என்றார் அவர்.

"சார், தண்ணி இடது வலது பாக்குமா? அவங்க எல்லாரும் பொகையெலய அடக்கற கன்னம் அது. லைன் வீட்டுல முகாம் போட்டா பதினாலாம் நம்பர்ல ரெண்டே பேருதான் வருவாங்க. நோவு இருக்கறவங்க மலையில உக்காந்திருப்பாங்க."

டாக்டர் ஊர்ப் பெயர்களைப் பார்த்தார். இடது கன்னம் என்று அவள் சிவப்பில் கோடு போட்டிருந்ததைப் பார்த்தார்.

"நான் எப்படி இத பாக்காம விட்டேன்?" என்றார். "தண்ணிய தனியா டெஸ்டுக்கு அனுப்பலாம். முகாம் மலைக்குப் போகட்டும். ஆனா ஆளு வருவாங்களா?"

"சந்தை நாள்ல வச்சா வருவாங்க சார்."

அடுத்த வாரம் சந்தை நாளில், சந்தையை ஒட்டிய மலைப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் எழுபத்து மூன்று பேர் வாயைத் திறந்து காட்டினார்கள். வெள்ளைத் திட்டு இருந்த ஒன்பது பேரை டாக்டர் தனியாக உட்கார வைத்தார். "இன்னும் முத்தல. பொகையெலய வுட்டுட்டா சரியாக வாய்ப்பிருக்கு," என்றார்.

அந்த ஒன்பது பேரில் கருப்பாயி என்றொரு அம்மாள் எழுந்து நின்றாள்.

"வுட்டுடறோம் சாமி. காட்டுல பனியில நிக்கறப்ப வாயில என்னத்த அடக்கறது? அதயும் நீயே சொல்லிட்டுப் போ."

டாக்டர், முகாமுக்குக் கூட வந்திருந்த சரஸ்வதியைப் பார்த்தார். அவள் கருப்பாயி பக்கத்தில் போய் உட்கார்ந்து, "காட்டுக்கு எத்தன மணிக்குக் கெளம்புவீங்க? கையில சாப்பாடு எடுத்துட்டுப் போவீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தாள்.