துரை வந்துபோன பாத்தி

முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரி லேபில் உட்கார்ந்து ஊரார் மலத்தை ஸ்லைடில் தேய்த்துப் பார்த்தவளுக்கு மனுஷ ஜாதியின் மேல் பெரிய மரியாதை ஒன்றும் மிச்சமில்லை. காரில் வந்து இறங்குகிறவரும் சரி, கால் தேய நடந்து வருகிறவரும் சரி, மூடி போட்ட டப்பாவில் கொண்டுவந்து நீட்டுவது ஒரே சரக்குதான். நீட்டும்போது முகத்தை எங்கோ திருப்பிக்கொள்வதும் ஒரே மாதிரிதான். பணி ஓய்வுக்குப் பிறகு தெரு அவளை லேப் அக்கா என்றது. தெருவை அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்லுமளவுக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை.

பொருட்டாக இருந்தது வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி. தக்காளி, கத்தரி, புதினா, கொத்தமல்லி. கல் பொறுக்கி, சலித்து, மண்ணை மாவு மாதிரி வைத்திருந்தாள். அந்த மாவில்தான் ஒருநாள் காலை துரை உட்கார்ந்திருந்தது.

துரை பக்கத்து வீட்டுப் பூனை. உடம்பெல்லாம் வெள்ளை, தலையில் மட்டும் தொப்பி கவிழ்த்தாற்போலக் கறுப்பு. லேப் அக்காவின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தபடியே அது காரியத்தை முடித்தது. பிறகு அப்போதுதான் முளைவிட்டிருந்த கொத்தமல்லியின் மேல் மண்ணை நாலு தள்ளு தள்ளிவிட்டு, அவசரமே இல்லாமல் மதில் ஏறிப் போனது.

பூனைக்குச் சொந்தக்காரி ஒரு கர்ட்டன் கடை நடத்துகிறவள். அவள் வீட்டில் திரை போடாத இடம் கிடையாது. ஜன்னலுக்குத் திரை, அலமாரிக்குத் திரை, டிவிக்கும் ஜரிகை வைத்து ஒரு குட்டித் திரை. மறைத்து வைக்க அப்படி என்னதான் வாழ்கிறதோ என்று லேப் அக்கா நினைத்துக்கொள்வாள். அன்றைக்குக் கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னதும், கர்ட்டன்காரம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"எங்க துரை அப்படிப்பட்ட பூனை இல்லைங்க. அதுக்குன்னு தனி தட்டு, தனி மண்ணு. பாக்கெட்ல வர்ற வாசனை மண்ணு. உங்க வீட்டுத் தரையில அது கால்கூட வைக்காது."

"காலை வைக்கலைங்க. வேற ஒண்ணை வச்சிட்டுப் போயிருக்கு. வந்து பாக்கறீங்களா?"

"கறுப்பு வெள்ளைப் பூனை இந்தத் தெருவுல எத்தனையோ திரியுது. எல்லாத்தையும் எங்க துரை தலையில கட்டினா எப்படி?"

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் தையல் மெஷின் பழுது பார்க்கிறவர். கர்ட்டன் கடையின் ஆறு மெஷினுக்கும் அவர்தான் வைத்தியர். அதனால் அந்த வீட்டைப் பற்றிய எந்தப் புகாரும் அவர் காதில் பாதி தூரம்தான் போகும்.

"விடேன்மா. ரெண்டு கை மண்ணை அள்ளிப் போட்டா ஆச்சு."

"அதையெல்லாம் அதுவே போட்டுட்டுத்தான் போகுது. அதுக்கு இருக்கற ஒழுங்குல பாதி அதை வளக்கறவளுக்கு இல்லை."

ஆரஞ்சுத் தோலை இறைத்துப் பார்த்தாள். துரை தோலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தது. காப்பித்தூளைத் தூவினாள், அதன் மேலேயே உட்கார்ந்தது. முள்ளை வெட்டிப் பரப்பினாள். முள் இல்லாத இடத்தை ஒரு பொறியாளரின் நிதானத்தோடு தேர்ந்தெடுத்தது. ஒருநாள் வாளித் தண்ணீரை வீசி அடித்ததில் துரை தப்பித்துக்கொண்டது, கணவர் நனைந்தார்.

மூன்று வாரம் இப்படிப் போனது. ஒரு காலை தெருமுனைக் கடையில் ரொட்டி வாங்க நின்றபோது கடைக்காரன் இளித்துக்கொண்டே கேட்டான். "என்னக்கா, வேலையை விட்டும் பழக்கம் விடலையாமே? பூனையோடதைப் பொறுக்கிட்டுத் திரியறீங்களாம்? கர்ட்டன்காரம்மா சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க."

லேப் அக்கா ரொட்டியை வாங்கிப் பையில் போட்டாள். பொறுக்குகிறேன் என்றா சொன்னாள்? சரி, பொறுக்கியே காட்டுகிறேன்.

லேபில் புது மைக்ராஸ்கோப் வந்தபோது ஏலத்தில் விட்ட பழையதை அவள் வாங்கி வைத்திருந்தாள். அதைத் துடைத்துச் சமையலறை ஜன்னலோரம் நிறுத்தினாள். பாத்தியிலிருந்து புதுசாக எடுத்ததை டப்பாவில் போட்டு, தேதி, நேரம், 'கொத்தமல்லி, வடக்கு ஓரம்' என்று சீட்டு ஒட்டினாள். அந்த வீட்டு ராஜகுமாரனுக்கு வயிறு நிறையப் புழு என்று நிரூபித்து, அதைக் கடைக்காரன் எதிரிலேயே சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய திட்டம். பெரிய திட்டம் இல்லை, ஆனால் நினைக்க நினைக்க இனித்தது.

சர்க்கரையைக் கெட்டியாகக் கரைத்து அதில் மலத்தைக் கலக்கினால் புழுவின் முட்டைகள் மேலே மிதந்து வரும். டப்பா டப்பாவாக அவள் கரைப்பதைப் பார்த்துவிட்டுக் கணவர், "டீக்குச் சர்க்கரை மிச்சம் வைப்பியா?" என்றார். அவள் இன்னொரு கரண்டி அள்ளிப் போட்டாள்.

முதல் ஸ்லைடிலேயே புழு முட்டை கிடைத்தது. தடித்த ஓட்டோடு, குண்டு குண்டாக. "இருக்குடி உனக்கு" என்று சத்தமாகவே சொன்னாள். சந்தோஷத்தில் பெரிய லென்ஸுக்கு மாற்றி ஸ்லைடை இன்னும் நகர்த்தினாள். அப்போதுதான் அவை கண்ணில் பட்டன. முட்டைகளுக்குப் பக்கத்தில், அவற்றில் கால்வாசிகூட இல்லாத, நிறமற்ற சின்னச் சின்ன வட்டங்கள். ஒன்றிரண்டு இல்லை, கூட்டமாக.

கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டாவது ஸ்லைடு போட்டாள். மூன்றாவது போட்டாள். எல்லாவற்றிலும் இருந்தன. பார்த்த மாத்திரத்தில் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாத கிருமி அது. அதே மாதிரி தோற்றமுள்ள சாதுவான ஒன்றும் உண்டு. ஆனால் இதுவாக இருந்தால், எலியைப் பச்சையாகத் தின்ற பூனையின் வயிற்றில் சில வாரம் பெருகி வெளியே வரும். வந்த உடனே ஒன்றும் செய்யாது. ஓரிரண்டு நாள் கிடந்து முற்றிய பிறகு யாருடைய கை வழியாகவாவது வாய்க்குப் போனால், மற்றவர்களுக்கு ஒரு சளிக் காய்ச்சலோடு சரி. வயிற்றுப் பிள்ளைக்காரியாக இருந்தால் பிள்ளையின் கண்ணையும் மூளையையும் பிடிக்கும்.

துரை முதன்முதலாக எலி பிடித்ததைப் போன வாரம்தான் கர்ட்டன்காரம்மா வாசலில் நின்று தெருவுக்கே பெருமையடித்தாள். அந்த வீட்டு மருமகளுக்கு இது நாலாம் மாதம். மூன்று நாளைக்கு ஒருமுறை பூனைத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கொல்லைப்புறக் குப்பைத் தொட்டியில் கொட்டி, வெறுங்கையால் வழித்துப் போட்டுவிட்டுப் போவதும் அவள்தான். வாசனை மண் விலை ஜாஸ்தி என்று மூன்று நாள் அப்படியே கிடக்கவிடுகிறார்கள். அந்த நாற்றத்தில் கால் வைக்கப் பிடிக்காமல்தான் துரை மதில் ஏறுகிறது என்பது லேப் அக்காவுக்கு இப்போது விளங்கியது. அந்த வீட்டிலேயே விவரமானது பூனை ஒன்றுதான்.

அன்று மாலையே போனாள். கர்ட்டன்காரம்மா சோபாவில், துரை அவள் மடியில். உள்ளறை வாசலில் தொங்கிய ஊதாத் திரைக்குக் கீழே மருமகளின் பாதங்கள் தெரிந்தன.

லேப் அக்கா நின்றபடியே, கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். "உறுதின்னு சொல்லலை. சந்தேகம்தான். ஆனா அந்தத் தட்டை உங்க மருமக தொடவே கூடாது. டாக்டர்கிட்டச் சொல்லி ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க."

கர்ட்டன்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இதான் சங்கதியா? ஆரஞ்சுத் தோல் பலிக்கலை, தண்ணி ஊத்தினது பலிக்கலை, இப்ப வயித்துல இருக்கற பிள்ளையை இழுக்கறீங்க."

"பூனையைத் துரத்தச் சொல்லலைங்க. தட்டை வேற யாராவது எடுங்கன்னுதான் சொல்றேன்."

"வேற யாரு எடுப்பா? என் பையனா? இல்லை நானா, இந்த முதுகை வச்சிக்கிட்டு? நான் மாசமா இருந்தப்ப மாட்டுச்சாணியே அள்ளியிருக்கேன். பிள்ளை கல்லு மாதிரிதான் பிறந்தான்."

"அது தெரியுது" என்றாள் லேப் அக்கா.

கல்லுக்கு அவள் என்ன அர்த்தம் எடுத்தாள் என்பது புரியக் கர்ட்டன்காரம்மாவுக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் எழுந்துவிட்டாள். "வெளிய போங்க. அதையே பாத்துப் பாத்து உங்க புத்தியும் அதுமாதிரியே ஆயிடுச்சு. நல்ல வார்த்தை வராத வாய்."

திரைக்குக் கீழே தெரிந்த பாதங்கள் சத்தமில்லாமல் நகர்ந்துபோயின.

வீட்டுக்கு வந்து லேப் அக்கா பாத்திரங்களை டம் டம்மென்று கழுவினாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. கேட்காவிட்டால் எக்கேடு கெட்டுப் போகட்டும். நாளைக்கு அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆனால் அப்போது தெரியும் அவளுக்கு, அப்போது வந்து நிற்பாள் இந்த வாசலில்.

அந்த நினைப்பு வந்த கணமே கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள். யாருக்கு என்ன ஆக வேண்டும் என்று இப்போது நினைத்தோம்? தன்னுடைய பேச்சு ஜெயிக்க வேண்டும் என்பதற்காக, இன்னும் முகம்கூடத் தெரியாத ஒன்றுக்கு... முப்பத்தொரு வருஷமாக மற்றவர்களுக்கென்றே எடுத்து வைத்திருந்த அருவருப்பு முதல்முறையாகத் தன் பக்கம் திரும்பியது. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"என்னாச்சு?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்லை. நானும் அவளும் ஒரே சரக்குதான்."

அவருக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டினார்.

மறுநாள் தட்டு மாற்றும் முறை. மதிலோரம் தக்காளிச் செடிக்குக் குச்சி நடுகிற சாக்கில் லேப் அக்கா காலை ஆறரையிலிருந்தே நின்றாள். மருமகள் தட்டோடு வந்தாள். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதிருக்கும். தூக்கம் கலையாத முகம்.

"அதைக் கீழ வைம்மா."

பெண் திடுக்கிட்டு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ஆன்ட்டி, உங்ககிட்டப் பேசக்கூடாதுன்னு அத்தை சொல்லியிருக்காங்க."

"பேச வேண்டாம். கீழ வை, போதும்."

பெண் வைத்தாள்.

"நேத்து நான் சொன்னது கேட்டுதா?"

"கேட்டுச்சு. ராத்திரி அவர்கிட்ட சொன்னேன். உனக்கு வேலை செய்யச் சோம்பல், பக்கத்து வீட்டம்மா நல்லா எடுத்துக் குடுக்கறாங்கன்னார்." அவளுக்கு அழுகை வரவில்லை, ரொம்ப நாள் பழகிப்போன குரலில்தான் சொன்னாள்.

கல்லு மாதிரிதான் பிறந்திருக்கிறான் என்று லேப் அக்கா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். நாலாக மடித்த ஒரு காகிதத்தை மதில் மேலாக நீட்டினாள். கிருமியின் பெயர், பரிசோதனையின் பெயர், ஸ்லைடில் பார்த்தது, பார்த்த தேதி எல்லாம் லேப் கையெழுத்தில் எழுதியிருந்தது.

"என் பேச்சைக் கேக்காதே. உன் வீட்டுக்காரன் பேச்சையும் கேக்காதே. அடுத்த தடவை போறப்ப இதை டாக்டர்கிட்ட நீட்டு. அவங்க சொல்றதைக் கேளு. இப்ப உள்ள போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவு."

"தட்டு?"

"கிடக்கட்டும். எடுக்கற ஆளு எடுக்கட்டும்."

அடுத்து என்ன நடந்தது என்பது அவளுக்குச் சுவர் வழியாகத்தான் தெரிந்தது. நாலு நாள் கழித்து அந்தப் பக்கம் பெரிய சத்தம். டாக்டர் காகிதத்தைப் படித்துவிட்டு மாமியாரையும் மகனையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். ரத்தத்தில் கிருமி ஏறியிருக்கவில்லை. ஆனால் எதிர்ப்புச் சக்தியும் இல்லை. இனிமேல் தொட்டால் ஆபத்து, சில வாரம் கழித்து இன்னொருமுறை பார்க்க வேண்டும், பூனைக்கும் வைத்தியம் செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினார். இரண்டாவது முறையும் சுத்தமாகவே வந்தது. சத்தத்தில் காதில் விழாததையெல்லாம் பெண்ணே மதிலோரம் வந்து, இம்முறை திரும்பிப் பார்க்காமல், சொல்லிவிட்டுப் போனாள்.

தட்டை யார் எடுப்பது என்று அந்த வீட்டில் இரண்டு நாள் வழக்கு நடந்தது. மகனுக்கு நாற்றம் ஒத்துக்கொள்ளாதாம். கடைசியில் கர்ட்டன்காரம்மாவே கையுறை மாட்டி, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, தட்டைத் தன்னிலிருந்து எவ்வளவு தூரம் நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டிப் பிடித்தபடி கொல்லைக்கு வந்தாள். இனி தினம் ஒருமுறை எடுக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. முதுகுவலி எங்கே போயிற்றோ தெரியவில்லை. லேப் அக்கா நாற்காலியை மதில் பக்கம் திருப்பிப் போட்டு டீ குடித்தாள். குனியும்போது கர்ட்டன்காரம்மாவின் கண் இவள் கண்ணில் பட்டது. லேப் அக்கா இன்னொரு வாய் டீயை உறிஞ்சினாள்.

தட்டு சுத்தமாக ஆனதும் துரை பாத்திக்கு வருவது குறைந்தது, பிறகு நின்றேபோனது. இதற்காகவா மூன்று வாரம் ஆரஞ்சு உரித்தோம் என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. ஒன்றரை மாதம் கழித்து, பார்க்க வருகிறவர்களுக்கென்று வீட்டைத் திறந்துவிட்டார்கள். மருமகளே வந்து கூப்பிட்டதால் லேப் அக்காவும் போனாள். கூடத்தில் ஏழெட்டுப் பேர். தொட்டிலுக்கும் பூப்போட்ட புதுத் திரை. கர்ட்டன்காரம்மா நடுவில் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வாயில்லா ஜீவன்னு சொல்றோம், ஆனா எங்க துரைக்குத்தான் முதல்ல தெரிஞ்சிருக்கு. மருமகளுக்கு ஆகாதுன்னு தெரிஞ்சுதான் வீட்டுத் தட்டை விட்டுட்டு வெளிய போயிருக்கு. புரிஞ்சிக்கத்தான் நமக்கு அறிவு பத்தலை."

கூட்டம் உச்சுக் கொட்டியது. ஒருத்தி துரையின் தலையைத் தடவிக்கூடக் கொடுத்தாள். பேச்சு லேப் அக்கா பக்கம் வந்தபோது கர்ட்டன்காரம்மா ஒரு நொடி தயங்கினாள். "இவங்களும் அப்ப ஏதோ சொன்னாங்க" என்றாள்.

லேப் அக்காவின் நாக்கு நுனிவரை நாலைந்து பதில்கள் வந்தன. அவற்றுக்கு இந்தக் கூட்டம் தகுதியில்லை என்று தோன்றியது. திரையை ஒதுக்கிவிட்டுத் தொட்டிலுக்குள் குனிந்தாள். குழந்தை விழித்துக்கொண்டுதான் இருந்தது. ஆள்காட்டி விரலை அதன் முகத்துக்கு மேலே நிறுத்தி, மெதுவாக இடது பக்கம் கொண்டுபோனாள். இரண்டு கண்ணும் சேர்ந்து இடது பக்கம் வந்தன. வலது பக்கம் கொண்டுபோனாள். வலது பக்கமும் வந்தன. இன்னொருமுறை செய்து பார்த்தாள்.

"நல்லா இருக்கா" என்று அந்தப் பெண்ணிடம் மட்டும் சொல்லிவிட்டு, யாரிடமும் விடைபெறாமல் வெளியே வந்தாள்.