தையலுக்கு விட்ட அங்குலம்

"அக்கா, கண்ணாடிய மடிச்சுத் தைக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடிக்கடைத் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் கொண்டுவந்து இறக்கிய ஐந்து துண்டுகளும் கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றன. நான் எழுதிக் கொடுத்த அளவுச் சீட்டு அவன் கையில் இருந்தது. அகலம் பதினெட்டு என்று எழுதி, பக்கத்தில் கூட்டல் ஒன்று என்று போட்டிருந்தேன். உயரத்துக்கும் அப்படியே. அது என்ன கூட்டல் ஒன்று என்று அவன் கேட்டான். "தையலுக்கு விட்டது" என்று யோசிக்காமல் சொல்லித் தொலைத்தேன். முப்பது வருஷமாகத் துணி வெட்டுகிற கை இது. பக்கத்துக்கு அரை அங்குலம் உள்ளே விடாமல் எந்த அளவையும் எழுத இதற்குத் தெரியாது.

"சிரிச்சு முடிச்சியா? இப்ப என்ன பண்றது?"

"என்ன பண்றது, பெட்டி ஒரு அங்குலம் பெருசா இருக்கும். லூசா இருக்குன்னு தவளை திருப்பிக் கொண்டுவரவா போகுது?"

அவனுக்கென்ன, சொல்லிவிட்டான். மூடி ஏற்கெனவே வந்துவிட்டது. தச்சரிடம் சொல்லி, வலை அடித்த மரச்சட்டமாகச் செய்து வாங்கியிருந்தேன். அந்த அளவை மகள் போனில் சொல்லச் சொல்ல அப்படியே எழுதியதால் அது மட்டும் சுத்தமாகப் பதினெட்டு. கண்ணாடிகளைப் பசை வைத்து ஒட்டி, அவன் போன பிறகு மூடியைத் தூக்கி மேலே வைத்தேன். அது பொத்தென்று பெட்டிக்குள்ளேயே விழுந்தது. நானும் விடவில்லை. கொசுவலைத் துணியை அளந்து வெட்டி, சுற்றி எலாஸ்டிக் கோத்து, தலையணை உறை மாதிரி ஒரு தொப்பி தைத்துப் பெட்டிக்கு மாட்டினேன். இழுத்துப் பார்த்தால் கச்சிதமாக இருந்தது. என் வேலை என்றைக்குச் சோடை போயிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தவளை மகளுடையது. கட்டைவிரல் அளவு இருக்கும், பச்சைப் பசேலென்று. மரத்தவளை. பட்டாணி என்று பெயர் வைத்திருந்தாள். கூடப் படித்த பெண் ஒருத்தி கொடுத்ததாம். நாலு மணி நேரப் பஸ் தூரத்தில் வேலை கிடைத்துப் போனபோது, விடுதியில் இதையெல்லாம் விடமாட்டார்கள் என்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு என் தையல் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். "ஒரே ஒரு மாசம்மா" என்றாள். ஐந்து மாதம் ஆகிவிட்டது.

அவள் கிளம்பிய காலையில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். இங்கேயே வேலை பார்க்கலாமே என்று ஆரம்பித்த பேச்சுதான். பேச்சு முற்றி, "போறவ ஒரேயடியா போ, இங்க யாரும் உனக்காக அழுதுட்டு உக்காந்திருக்கல" என்று சொல்லிவிட்டேன். அவள் செருப்பின் வாரை மெதுவாகப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த வீட்டில் நுணல் நான்தான். அன்று அவள் பஸ் ஏறியிருக்கக்கூட மாட்டாள், நான் மெஷின்மேல் தலையை வைத்து அழுதேன். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

முதல் இரண்டு வாரம் போன் இல்லை. பிறகு ஒரு நாள் மாலை ஏழு மணிக்கு வந்தது. "பட்டாணி எப்படி இருக்கு?" என்றாள். இருக்கு என்றேன். சரி என்று வைத்துவிட்டாள். மறுநாளும் ஏழு மணி. மூன்றாம் நாள் நான் கொஞ்சம் நீட்டிச் சொன்னேன். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தது, நான் மெஷினை மிதித்தால் தொண்டை படபடவென்று அடிக்கிறது என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! அன்றிலிருந்து பகல் முழுக்க ஏழு மணிக்குச் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிடைக்காத நாளில் கொஞ்சம் இட்டுக்கட்டினேன். மாலை தவறாமல் போன் வந்தது, பேச்சு ஐந்து நிமிஷம் பத்து நிமிஷம் என்று வளர்ந்தது. தவளையைத் தவிர எங்களுக்கு வேறு பேச்சு இல்லை. அதுவே பெரிசு.

இப்படி இருக்கையில்தான் பட்டாணி வெளிறிப்போய், டப்பாவின் மூலையில் இரையைத் தொடாமல் உட்கார்ந்தது. மகள் பதறிவிட்டாள்.

"டப்பா அதுக்குப் பத்தாதும்மா. அது ஏறுற ஜாதி. மீன்தொட்டி மாதிரி நீளமா வேணாம், உயரமா வேணும். நான் சொல்றத எழுதிக்கோ."

சட்டைக்கு மாதிரி வெட்டுகிற பழுப்புத் தாளில் எழுதி மெஷினுக்கு மேலே ஒட்டிவைத்தேன். அடியில் கூழாங்கல், அதன்மேல் வலைத்துணி, அதன்மேல் தேங்காய் நார்த்தூள். ஏறுவதற்குக் கிளை, மருந்து அடிக்காத மரத்திலிருந்து, தண்ணீரில் கொதிக்க வைத்தது. ஒளிந்துகொள்ளப் பெரிய இலைச் செடி. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, அதிலுள்ள குளோரின் தவளைத் தோலுக்கு ஆகாது, அதை முறிக்கச் சொட்டு மருந்து விற்கிறது, அதைக் கலந்து வை. காலையும் மாலையும் தண்ணீர் தெளி. காய்ந்த கையால் தொடாதே. இரை சில்வண்டுக் குஞ்சு, சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டிப் போடு. இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டில் என்னிடம் இருந்தது, அதைத் தவளைக்குக் கொடுத்துவிட்டேன். கிளைக்காக மூன்று தெரு அலைந்தேன். பூங்காத் தோட்டக்காரர் ஒருவர் கொய்யாக் கிளை வெட்டிக் கொடுத்தார். எதுக்கு என்று கேட்டார். தவளைக்கு வீடு என்றேன். "மழை பேஞ்சா அதுக்கு ஊரே வீடும்மா" என்றார். நல்ல வேளை, வேறெதுவும் கேட்கவில்லை.

புது வீட்டில் விட்ட நாள் பட்டாணி அசையாமல் ஒரு மணி நேரம் இருந்தது. பிறகு ஒவ்வொரு காலாக எடுத்துவைத்துக் கிளையின் உச்சிக்கு ஏறியது. இரண்டு நாளில் நிறம் திரும்பியது. மூன்றாம் நாள் லபக்கென்று ஒரு சில்வண்டைப் பிடித்தது. அன்றைக்கு ஏழு மணிக்காக நான் காத்திருக்கவில்லை, நானே மகளுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "ஏம்மா, பக்கத்துல எல்லாரும் இருக்காங்க" என்று கிசுகிசுத்தாளே தவிர, வைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை தண்ணீர் தெளிக்கப் போனேன். தொப்பியின் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது.

எலாஸ்டிக் கண்ணாடியைப் பிடிக்காது. இடுப்பைப் பிடிக்கும், மணிக்கட்டைப் பிடிக்கும். ஈரக் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு மேலே ஏறிவிடும். இதுகூடத் தெரியாத டெய்லர் நான். மெஷினைப் புரட்டினேன். பாபின் டப்பா, நூல்கண்டுக் கூடை, சுருக்கித் தைக்க வந்த பேண்ட்டுகள் எல்லாவற்றையும் உதறினேன். ஒரு வாடிக்கையாளரின் கோட்டுப் பையில் கையை விட்டபோது, அகப்பட்டுவிடக் கூடாதே, அகப்பட வேண்டுமே என்று இரண்டும் ஒன்றாகத் தோன்றியது. ஜன்னல் திறந்திருந்தது. வெளியே தூறிக்கொண்டிருந்தது.

சொல்லிவிடுவது என்றுதான் அன்று மாலை போனை எடுத்தேன். சத்தியமாக. ஆனால் அவள் குரல் அடைத்திருந்தது.

"இன்னைக்கு எனக்கு ஒண்ணும் சரியில்லம்மா. எதுவும் கேக்காதே. பட்டாணியப் பத்தி ஏதாவது சொல்லேன்."

நான் சொன்னேன். கிளை உச்சியில் உட்கார்ந்து கண்ணை மூடித் தூங்குகிறது, கைகளை அடியில் மடித்து வைத்திருக்கிறது என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்புறம்?" என்றாள். அப்புறமும் சொன்னேன்.

அதோடு மாட்டிக்கொண்டேன். காலையும் மாலையும் காலிப் பெட்டிக்குத் தண்ணீர் தெளித்தேன், செடி வாடினால் என் வாயும் வாடிவிடும் என்கிற மாதிரி. சில்வண்டு வாங்குவதையும் நிறுத்தவில்லை. அதுகள் கத்துவது போனில் அவளுக்குக் கேட்கும். "இன்னைக்கு நிறைய சத்தம் போடுதே" என்பாள். தின்ன ஆளில்லாமல் அதுகள் கொழுத்துப்போய்க் கத்தின. தொப்பியை எடுத்து, எலாஸ்டிக்கை இன்னும் இறுக்கி, இரட்டைத் தையல் போட்டு மாட்டினேன். எதைக் காப்பாற்றுவதற்கோ! வேறு தவளை கிடைக்குமா என்று கடையில் விசாரித்தேன். வரவழைக்க ஒரு மாதம் ஆகுமாம். வந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும், பட்டாணியின் இடது தொடையில் வெள்ளைப் புள்ளி ஒன்று உண்டு.

பட்டாணி காணாமல் போன பன்னிரண்டாம் நாள் அவள் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை வர்றேம்மா. பட்டாணியப் பாக்கணும்."

ஐந்து மாதத்தில் முதல் தடவை வருகிறாள். சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? சனிக்கிழமை முழுக்க வாசகம் தயார் பண்ணினேன். செத்துப்போச்சு என்று சொல்லலாமா, நேற்றுத்தான் காணோம் என்று சொல்லலாமா. எந்த வாசகத்தின் முடிவிலும் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

காலை பத்து மணிக்கு வந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பையைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராகப் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எப்பா! எவ்ளோ பெருசும்மா. நீ இவ்ளோ அழகாப் பண்ணுவேன்னு நெனைக்கவே இல்ல." கண்ணாடியில் முகத்தை ஒட்டினாள். "எங்க அவன்?"

"இலைக்குப் பின்னாடி இருப்பான். பகல்ல தூங்கும்னு நீதானே சொன்னே."

தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோதும் அவள் அப்படியே இருந்தாள். அவசரமில்லாமல் ஒவ்வொரு இலையாகப் பார்த்தாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் தோள் அவள் தோளில் பட்டது. அவள் நகரவில்லை. கேட்காததையெல்லாம் சொல்கிற என் வாய், இப்போது தைத்துவிட்ட மாதிரி கிடந்தது. இப்போது சொல், இப்போது சொல் என்று எனக்குள் அடித்துக்கொண்டது. ஆனால் இந்தக் கொஞ்ச நேரம் எனக்கு வேண்டியிருந்தது. சுயநலம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அவள் கை மேலே போய்த் தொப்பியின் விளிம்பைத் தடவியது. எலாஸ்டிக் ஓரமாகவே விரலை ஓட்டி, மூலையில் நிறுத்தினாள். டெய்லர் பெற்ற பெண்.

"இது புதுத் தையலாம்மா?"

"ம்."

"ரெண்டு தையல் போட்டிருக்கே."

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை, தொண்டை மட்டும் அடித்துக்கொண்டது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. பெட்டிக்குள் சில்வண்டுகள் கத்திக்கொண்டிருந்தன. அவற்றையே கொஞ்ச நேரம் பார்த்தாள், அவை எவ்வளவு பெரிதாகியிருக்கின்றன என்று எண்ணுகிறவள் போல. பிறகு விரலைக் கண்ணாடியில் வைத்தாள்.

"அதோ," என்றாள்.

"எங்க?"

"அந்தப் பெரிய இலைக்கு அடியிலம்மா. தூங்குது."

நான் பார்த்தேன். இலைக்கு அடியில் நான் காலையில் தெளித்த தண்ணீர் ஒரு சொட்டாகத் திரண்டு தொங்கியது.

"உனக்கு அங்கேர்ந்து தெரியாது," என்றாள். குரல் லேசாக நடுங்கியது. உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். "இப்படி வா. இங்கேர்ந்து நல்லாத் தெரியும்."

நகர்ந்து போய், அவள் கன்னத்தோடு கன்னம் வைத்து, அவள் விரல் காட்டிய இடத்தையே பார்த்தேன். இரண்டு பேர் மூச்சும் பட்டு அந்த இடத்தில் கண்ணாடி மங்கிக்கொண்டே வந்தது. அவள் துடைக்கவில்லை. நானும் துடைக்கவில்லை.